காட்டுப்பன்றியைச் சுட்டுவிட்டால் தொல்லை தீருமா?

பாலக்கோட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் கடலை போட்டிருக்கிறேன். பிஞ்சு இறங்குகிற நேரம் பார்த்துப் பன்றியும் இறங்கிவிட்டது. முந்தாநாள் ராத்திரி கிழக்கு மூலையில் ஆரம்பித்து நாலு பாத்தி காலி. ஏர் ஓட்டின மாதிரி மண் புரண்டு கிடக்கிறது, செடியெல்லாம் வேர் மேலே தெரிய மல்லாந்து கிடக்கிறது. தின்றது கால்வாசி, நாசம் பண்ணியது முக்கால்வாசி. குளம்புத் தடத்தைப் பார்த்தால் பெரியது இரண்டு, கூடக் குட்டிகள் ஏழெட்டு இருக்கும்.

2025 ஜனவரியில் காட்டுப்பன்றியைச் சுட அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்று படித்தேன். என் நிலம் காப்புக்காட்டு எல்லையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. யாரிடம் மனு கொடுப்பது? யார் வந்து சுடுவார்கள்? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பக்கத்துக் காட்டுக்காரர், "லைன்ல இருந்து ஒரு கொக்கியப் போடு, ஒரே ராத்திரில முடிஞ்சுடும்" என்கிறார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கத்தில் பன்றிக்குப் போட்ட திருட்டுக் கரண்டுக் கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்ததும், இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்ததும் எங்கள் பக்கம் யாருக்கும் மறக்கவில்லை. கம்பி போட்ட விவசாயி கைதானார். அவர் ஒன்றும் யானையைக் கொல்ல நினைத்தவர் இல்லை.

ரிட்டயர்டு வனவர்:
தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுட அனுமதி என்றால் நாம் சுடலாம் என்று அர்த்தம் இல்லை. பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான் சுடுவார்கள். காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விடவேண்டும். மூன்றைத் தாண்டினால்தான் துப்பாக்கி. உங்கள் நிலம் நாலு கிலோமீட்டர் என்கிறீர்கள், ஆகவே மூன்றாவது வகையில் வரும்.

இதைப் பார்க்க ஊர் அளவில் ஒரு குழு உண்டு. ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., வனவர் இருப்பார்கள். மனுவை அவர்கள் வழியாக ரேஞ்சருக்குக் கொண்டுபோங்கள். சிட்டா, அடங்கல் நகல், சேதமான இடத்தின் போட்டோ எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். போட்டோவில் குளம்புத் தடம் தெரியட்டும், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுங்கள். இல்லையென்றால் ஊர் நாயா, பன்றியா, முள்ளம்பன்றியா என்று ஒரு பேச்சு வரும்.

சட்டத்தில் பார்த்தால் பன்றி ஒன்றும் கேட்பாரில்லாத விலங்கு இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்தில் ஆறு அட்டவணைகளை நாலாகச் சுருக்கினார்கள், அதில் இரண்டாவதுக்கு வந்துவிட்டது. நீங்களே அடித்தால் வழக்குதான்.

கரிசல்காடு:
ஐயா சொல்கிற ஒன்று, மூன்று கிலோமீட்டர் கணக்கெல்லாம் மலையோரத்துக்காரர்களுக்கு. நாங்கள் விருதுநகர் பக்கம். கண்ணுக்கெட்டின தூரம் மலையும் கிடையாது, காடும் கிடையாது, ஆனால் பன்றி இருக்கிறது. எங்கே இருக்கிறது என்றால் கண்மாய்க்குள். பாதிக் கண்மாய் சீமைக்கருவேல். பகல் முழுக்க அந்த முள்ளுக்குள் படுத்துக்கிடக்கும், மனுசன் நுழைய முடியாது, நாய்கூட நுழையாது. பொழுது சாய்ந்ததும் மக்காச்சோளத்துக்கு நடை.

எங்கள் அப்பா காலத்தில் கம்பும் குதிரைவாலியும் பருத்தியும்தான். இப்போது திரும்பின பக்கமெல்லாம் மக்காச்சோளம். கோழித்தீவனத்துக்கு நல்ல விலை, அதனால் எல்லோரும் மாறிவிட்டோம். பன்றிக்கு அது சாப்பாடு மட்டும் இல்லை, ஒளிந்துகொள்ள இடமும் அதுதான். ஆளுயரம் வளர்ந்த சோளத்துக்குள் பத்துப் பன்றி படுத்திருந்தாலும் வரப்பில் நிற்கிறவனுக்குத் தெரியாது.

சிறுவாணிக்காரி:
ஒரு மாற்றுக் கருத்து. சுடுவதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காட்டுக்குள் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் பன்றி முக்கியமான இரை. 2023 தொடக்கத்தில் முதுமலையில் பன்றிகள் கொத்தாகச் செத்தன, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று பரிசோதனையில் தெரிந்தது. அந்த நோய் மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக் கூட்டத்தையே காலி செய்யும். ஒரு பக்கம் நோய், இன்னொரு பக்கம் துப்பாக்கி என்று போனால், இரை கிடைக்காத சிறுத்தை எங்கே வரும்? உங்கள் ஆட்டுப்பட்டிக்குத்தான்.

கரிசல்காடு:
அக்கா, எங்கள் கண்மாயில் சிறுத்தையும் இல்லை, செந்நாயும் இல்லை. அடித்துத் தின்ன எதுவும் இல்லாததால்தான் இத்தனை பன்றி. நீங்கள் சொல்வது சிறுவாணிக்குப் பொருந்தும். சாத்தூருக்கு எப்படிப் பொருந்தும்?

சிறுவாணிக்காரி:
அது நியாயமான கேள்வி. காட்டோரப் பன்றியும் கண்மாய்ப் பன்றியும் வேறு வேறு பிரச்சினை என்றே வைத்துக்கொள்வோம். கண்மாய்ப் பன்றியைச் சுடுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. ஆனால் முள்ளை அப்படியே விட்டுவிட்டுச் சுட்டால் என்ன ஆகும்? பெண் பன்றி ஏறக்குறைய நாலு மாதத்தில் ஈன்றுவிடும், ஓர் ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம். ஐந்தைச் சுட்டால் அடுத்த சோளத்துக்குள் அந்த இடம் நிரம்பிவிடும். மிச்சம் இருப்பவை துப்பாக்கிச் சத்தம் கேட்டு அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும்.

மேட்டாங்காடு:
மரத்தடியில் உட்கார்ந்து பறவை பார்க்கிறவர்கள் எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்குத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் நடந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சிறுவாணிக்காரி:
அண்ணா, எங்கள் வீட்டிலும் வாழைதான். போன வருசம் ஒத்தைக் கொம்பன் யானை ஒன்று வந்து பாதித் தோட்டத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. பறவையும் பார்க்கிறேன், அதை மறைக்கவில்லை.

ரிட்டயர்டு வனவர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பையன் கடலையைக் காப்பாற்ற வழி கேட்டு வந்திருக்கிறான். மனு போய், குழு கூடி, ஆள் வருவதற்குள் கடலை வண்டி ஏறிவிடும். அதுவரைக்கும் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேலிக்கம்பம்:
நான் சோலார் வேலி போடுகிற ஆள். ஈரோடு, சத்தி, தாளவாடி, தர்மபுரி என்று இருபது வருசமாக இதுதான் தொழில். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், மன்னிக்கவும்.

முதலில் அந்தக் கொக்கிக் கரண்டுக்கும் சோலார் வேலிக்கும் உள்ள வித்தியாசம். வீட்டு லைன் 230 வோல்ட், அது விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டவுடன் தசை இறுகிவிடும், உதறிக்கொண்டு விலக முடியாது, அங்கேயே சாவு. சோலார் வேலியில் பல ஆயிரம் வோல்ட் வரும், ஆனால் ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு தடவை, கண் இமைக்கிற நேரத்தில் சின்னப் பங்குகூட இல்லாத ஒரு துடிப்பு. சுரீர் என்று அடிக்கும், உடனே விட்டுவிடும். விலங்கு பின்வாங்க நேரம் கிடைக்கும். இந்தத் துடிப்பைக் கொடுப்பது எனர்ஜைசர் என்கிற பெட்டி, அது ஓடுவது 12 வோல்ட் பேட்டரியில். வேலியில் காசு செலவழிக்க வேண்டிய இடம் அந்தப் பெட்டிதான். உள்ளூரில் யாரோ சர்க்யூட் போட்டுத் தருகிற பெட்டியை வாங்காதீர்கள், ஐ.எஸ்.ஐ. தரம் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது, பன்றிக்கு வேலி போடுகிறவர்கள் செய்கிற தப்பு. யானை வேலியைப் பார்த்துவிட்டு மேலே மேலே கம்பி இழுக்கிறார்கள். பன்றி மேலே பார்க்காது, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு வரும். அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கவேண்டும், அடுத்தது அதற்கு மேல் ஒரு சாண். ஈர மூக்கு கம்பியில் பட்டால்தான் அதற்கு உறைக்கும். முதுகில் பட்டால் மயிரும் தடித்தோலும் தாங்கிக்கொள்ளும், முன்னால் பாய்ந்து உள்ளே போய்விடும்.

ஆனால் அடிக்கம்பி தாழ்வாக இருப்பதால் புல் வளர்ந்து தொட்டுவிடும். ஒவ்வொரு புல்லும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும். மழைக்கு அப்புறம் ஒரு வாரம் கவனிக்கவில்லை என்றால் வேலி செத்த வேலி. அதனால் கம்பிக்கு அடியில் இரண்டடி அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். இதைச் செய்ய முடியாது என்றால் வேலியே போடாதீர்கள், காசு வீண்.

எர்த்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை. கம்பியில் இருந்து பன்றி உடம்பு வழியாக மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து பெட்டிக்குத் திரும்பினால்தான் அடி விழும். சித்திரையில் மண் காய்ந்து கிடக்கும்போது அந்தத் திரும்புகிற வழி அறுந்துவிடும். மூன்று எர்த் கம்பியாவது ஆழமாக இறக்கி, கோடையில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். "போன மாசம் அடிச்சுது, இப்ப அடிக்கல" என்று வருகிற போன்களில் முக்கால்வாசி இந்த எர்த் விவகாரம்தான்.

கடைசியாக ஒன்று. 2023-ல் தமிழ்நாட்டில் மின்வேலிகளுக்குப் பதிவு விதிகள் வந்திருக்கின்றன. காப்புக்காட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வேலி போட்டால் வனத்துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். உங்கள் நாலு கிலோமீட்டர் அதற்குள் வந்துவிடும். பழைய வேலிக்கும் பதிவு உண்டு.

பாலக்கோட்டான்:
அண்ணா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. எனக்கு மேற்கே இருப்பவர் வேலி போட்டிருக்கிறார், அதனால்தான் பன்றி என் பக்கம் திரும்பியது என்று நினைக்கிறேன். நான் போட்டால் தெற்கே போகும், இல்லையா?

வேலிக்கம்பம்:
கண்டிப்பாகப் போகும். தனித்தனியாகப் போடுகிற ஊரில் கடைசியில் மாட்டுவது காசில்லாதவர் நிலம். பத்துப் பேர் சேர்ந்து ஒரே சுற்றாகப் போட்டால் ஆளுக்கு ஆகிற செலவு பாதிகூட வராது, ஏனென்றால் நடுவில் உள்ள பொதுவரப்புக்கெல்லாம் வேலி தேவையில்லை. எனர்ஜைசரும் ஒன்றே போதும். ஆனால் பத்துப் பேரைச் சேர்ப்பது என்னால் ஆகாத வேலை. ஒருத்தருக்கு ஒருத்தர் பத்து வருசமாகப் பேசாமல் இருப்பார்கள்.

மேட்டாங்காடு:
பன்றியை மிரட்டச் சேலைதான் இருக்கவே இருக்கிறது. ஊரில் பழைய சேலை எல்லாம் வரப்பில்தான் காய்கிறது. சலூன் கடையிலிருந்து முடி அள்ளிவந்து போட்டார்கள். முட்டைக் கரைசல், நாட்டுப்பன்றிச் சாணம் கரைத்து ஊற்றுவது, எல்லாம் பார்த்தாச்சு. நாலு நாள் பயப்படும், அப்புறம் அந்தச் சேலையிலேயே முதுகைத் தேய்த்துவிட்டு உள்ளே போகும்.

சிறுவாணிக்காரி:
வாசனை வழிகள் தற்காலிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். மாற்றி மாற்றிச் செய்தால் கொஞ்சம் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். அறுவடைக்கு முந்தின இரண்டு வாரத்தை மட்டும் குறிவைத்துச் செய்தால் அதுவே போதும். ஓரப்பயிர் இன்னும் நல்லது. ஐதராபாத்தில் முதுகெலும்பி விலங்குகளால் வரும் பயிர்ச்சேதத்துக்கென்றே அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கு, கடலையைச் சுற்றி நாலு வரிசை குசும்பா என்கிற எண்ணெய்வித்துச் செடி என்று பரிந்துரைக்கிறார்கள். ஆமணக்கு வாசனையில் சோள வாசனை அடங்கிவிடும், அதை எந்தப் பன்றியும் தின்னாது. குசும்பா முள் மூக்கைக் குத்தும். ஆமணக்கு விதைக்கு விலையும் உண்டு.

பாலக்கோட்டான்:
இந்தப் போகத்துக்கு அது ஆகாது, விதைக்கும்போதே போட்டிருக்கவேண்டும். அடுத்த வைகாசிக்குக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

தேயிலைத்தோட்டம்:
கூடலூரிலிருந்து. எல்லையைத் தாண்டினால் கேரளா, அங்கே நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம். 2022-லிருந்து அங்கே ஊராட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தலைவர் கையெழுத்துப் போடுவார், சுடுவதற்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர் வேண்டுமே? பாதிப் பேருக்கு வயது எழுபது. தேர்தல் வந்தால் துப்பாக்கி எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில். சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவேண்டும், அந்தக் குழி வெட்டுகிற கூலியை யார் கொடுப்பது என்று அதற்கொரு சண்டை.

பன்றியைப் பூச்சி, எலி கணக்கில் சேர்த்து அறிவியுங்கள் என்று கேரளா பல தடவை மத்திய அரசிடம் கேட்டது. கிடைக்கவில்லை. இதற்கு நடுவில் திருட்டுக் கம்பி வைப்பது நிற்கவில்லை. 2025 ஜூனில் நிலம்பூர் அருகே வழிக்கடவில் பன்றிக்கு வைத்த கம்பியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் போய்விட்டான். மீன் பிடிக்கப் போன பிள்ளை. 2020-ல் பாலக்காட்டுப் பக்கம் வாய் கிழிந்து ஆற்றில் நின்று செத்த சினை யானை ஞாபகம் இருக்கும். அதுவும் பன்றிக்கு வைத்த வெடிதான், தேங்காய்க்குள் வைத்தது. நம்மூரில் அவுட்டுக்காய் என்கிறோமே, அதே சமாச்சாரம்.

சுட அனுமதி கொடுத்தால் திருட்டுக் கம்பி குறையும் என்று எதிர்பார்த்தவர்களில் நானும் ஒருவன். அப்படி ஒன்றும் குறைந்ததாக எங்கள் பக்கம் தெரியவில்லை. பன்றி வருகிற ராத்திரியில் கையில் இருப்பது கம்பிதான், தலைவரின் உத்தரவு இல்லை.

ரிட்டயர்டு வனவர்:
கூடலூர் நண்பர் சொன்னது சரி. நான் வேலையில் இருந்தபோது யானைச் சாவு என்று போய்ப் பார்த்தால் கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்து அழுகிறவன் அரை ஏக்கர்க்காரனாக இருப்பான். அவன் மேல் வழக்கு எழுதிவிட்டு வந்து எனக்குச் சோறு இறங்கினதில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், விட்டால் அடுத்த வாரம் பத்துக் கம்பி முளைக்கும்.

இதில் மின்வாரியத்துக்கும் பங்கு இருக்கிறது. கொக்கி போடுகிற இடம் எது என்று லைன்மேனுக்குத் தெரியாதா? ராத்திரியில் மட்டும் லோடு ஏறுகிற லைனைப் பார்த்தாலே போதும். வனத்துறையும் மின்வாரியமும் சேர்ந்து ரோந்து போகிற ஊர்களில் கம்பி குறைந்திருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்.

மேட்டாங்காடு:
நஷ்டஈட்டை ஒழுங்காகக் கொடுத்தால் யார் கம்பி போடப்போகிறார்கள்? மனு கொடுத்து ஒரு வருசம் கழித்து ஒரு தொகை வந்தது, உழவுக்கூலிக்குக் காணாது. சேதம் பார்க்க வந்தவர் வரப்பிலேயே நின்று "இது பன்றி மாதிரித் தெரியலையே" என்றார். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அங்கேதான் போய் நிற்கவேண்டும்.

சிறுவாணிக்காரி:
இந்த இடத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன் அண்ணா. காட்டு விலங்கு எல்லோருக்கும் சொந்தம் என்கிறோம். அப்படியானால் அது தின்கிற சோற்றுக்கான செலவும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கவேண்டும். இப்போது அந்தச் செலவைக் காட்டோர விவசாயி ஒருத்தர்தான் கட்டுகிறார்.

ஒரு புதுச் செய்தி. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது, 2026 காரீப் பருவத்திலிருந்து. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் செயலியில் இடக்குறியோடு போட்டோ ஏற்றவேண்டும். ஆனால் எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்கவேண்டும். ஆகவே அந்தப் பட்டியலில் பன்றியும் உங்கள் மாவட்டமும் வருகிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கிராமசபையில் தீர்மானமாகப் போட்டால் இன்னும் நல்லது.

கரிசல்காடு:
செயலியில் போட்டோ ஏற்ற எங்கள் சோளக்காட்டில் டவர் கிடைக்காது, அது வேற கதை. நான் சொல்ல வந்தது கண்மாயைப் பற்றி. போன வருசம் எங்கள் ஊரில் பாதிக் கண்மாயை ஏலம் விட்டுச் சீமைக்கருவேலை வெட்டினார்கள், கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுத்தார்கள். வெட்டின பக்கத்துச் சோளத்தில் அந்த வருசம் பன்றி இறங்கவில்லை. ஒரு தோட்டா செலவில்லை. ஆனால் தூரோடு பிடுங்காமல் வெட்டினதால் இப்போது இடுப்பளவு தழைத்துவிட்டது. இன்னும் ரெண்டு மழை போதும், பன்றி வீடு திரும்பிவிடும்.

தேயிலைத்தோட்டம்:
எங்கள் பக்கமும் அதே கதை, செடி மட்டும் வேறு. உண்ணிச்செடி அடர்ந்து காட்டில் புல்லே இல்லை. கடமானும் காட்டெருமையும் எஸ்டேட்டுக்குள் மேய வருகின்றன. உண்ணிச்செடியை வெட்டி ஆதிவாசி மக்கள் ஆளுயரத்துக்கு மேல் யானை பொம்மைகள் செய்கிறார்கள். அது லண்டன், அமெரிக்கா வரைக்கும் கண்காட்சிக்குப் போய்வந்தது. நல்ல வேலைதான். ஆனால் செடி வளர்கிற வேகத்துக்கு எத்தனை பொம்மை செய்வது.

மேட்டாங்காடு:
சரி, நான் ஒத்துக்கொள்வது இவ்வளவுதான். முள்ளை எடுங்கள், வேலிக்கு மானியம் கொடுங்கள், நஷ்டஈட்டை அதே போகத்துக்குள் கொடுங்கள். இது மூன்றும் நடக்கிற வரைக்கும் மூன்று கிலோமீட்டருக்கு வெளியே சுடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். எங்களுக்கு இருக்கிறது அது ஒன்றுதான்.

சிறுவாணிக்காரி:
நிறுத்தச் சொல்லவில்லை. சுட்ட கணக்கைப் பொதுவில் வையுங்கள் என்கிறேன். எந்த ஊரில் எத்தனை சுட்டார்கள், அடுத்த போகம் அதே ஊரில் சேதம் குறைந்ததா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும். அது உங்கள் பக்கம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பாலக்கோட்டான்:
எல்லோருக்கும் நன்றி. இன்று வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்தாச்சு, தீப்பெட்டி வைத்து எடுத்த போட்டோவும் சேர்த்து. மேற்கே வேலி போட்டவரிடமும் பேசினேன். அவர் பெட்டியிலேயே என் பக்கத்துக்கும் கம்பி இழுத்துக்கொள்ளலாம் என்கிறார், பேட்டரிச் செலவில் பாதி தரவேண்டுமாம். தெற்குக்காட்டுக்காரரும் சேர்ந்தால் அஞ்சு ஏக்கர் ஒரே சுற்று. பிரச்சினை என்னவென்றால், மேற்குக்காரருக்கும் தெற்குக்காரருக்கும் கிணற்றுத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை.

வேலிக்கம்பம் அண்ணா, அவருடைய பெட்டி இரண்டு ஏக்கருக்கு வாங்கினது. அஞ்சு ஏக்கரைத் தாங்குமா?

வேலிக்கம்பம்:
ஏக்கரைப் பார்க்காதீர்கள், மொத்தக் கம்பி எத்தனை மீட்டர் என்று கணக்குப் போடுங்கள். சுற்றளவை எத்தனை வரிசைக் கம்பியோ அத்தனையால் பெருக்கினால் வரும். பெட்டியின் பக்கத்தில் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், ஒரு துடிப்பின் சக்தி எத்தனை ஜூல் என்று எழுதியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். போட்டிருக்கிற கிலோமீட்டர் புல் இல்லாத வேலிக்கு, ஆகவே அதில் பாதியைத்தான் நம்பவேண்டும். அனுமதி மனுவை மூன்று பேர் பெயரிலும் ஒன்றாகவே கொடுங்கள். கிணற்றுத் தகராறுக்கு என்னிடம் மருந்து இல்லை, ஆனால் மனுவில் கையெழுத்து வாங்க இரண்டு வீட்டுக்கும் நீங்கள்தான் நடக்கவேண்டும். எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள்.